மகள் பி.ஏ. தத்துவம் கேட்கிறாள்: சேர்க்கலாமா?

வணக்கம் அம்மா,

பி.காம். சீட்டை விட்டுவிட்டு மகள் தத்துவம் படிக்கிறேன் என்று நிற்கிறாள். "அதைப் படித்த பக்கத்து வீட்டுப் பையன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

மணிமேகலையின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் வாதத்தை ஐந்து உறுப்பாகப் பிரிக்கிறார்: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகைகிறதே என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது உதாரணம். இந்த மலையும் அப்படியே புகைகிறது என்று பொருத்துவது உபநயம். ஆகவே இங்கே நெருப்பு உண்டு என்று முடிப்பது நிகமனம். பிழையான ஏதுவுக்கு ஏதுப்போலி என்று பெயர். அதில் ஒரு வகை அநைகாந்திகம், அதாவது சொல்ல வந்த முடிவுக்கும் ஒட்டும், அதற்கு எதிரானதற்கும் ஒட்டும் காரணம். வேலையில்லாமல் இருப்பதைக் காட்டிப் படிப்பைக் குறை சொல்வது இந்த வகைதான். பொறியியல் முடித்தும் வீட்டில் இருப்பவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்களே!

அலுவலகத்திலும் இதே கதைதான். "விளம்பரம் கொடுத்தோம், விற்பனை ஏறியது" என்று அறிக்கை வரும். அது தீபாவளி மாதமா, விளம்பரம் போடாத ஊரில் எவ்வளவு ஏறியது என்று கேட்கத் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு. ஒப்பந்தம் படிப்பதற்கும் தணிக்கைக்கும் இதே கண் வேண்டும்.

ஆனால் 'தத்துவம் படித்தவர் தேவை' என்று கம்பெனி விளம்பரத்தில் பார்ப்பது அபூர்வம். பட்டம் மட்டும் போதாது. முதல் ஆண்டிலிருந்தே புள்ளியியலும் எக்ஸலுமோ, சரளமான ஆங்கில எழுத்தோ, ஏதாவது ஒன்று கூடவே வர வேண்டும். பி.எட். முடித்துப் பள்ளி ஆசிரியராகலாம் என்று நினைத்திருந்தால், சேர்வதற்கு முன்பே தகுதிப் பாடப் பட்டியலில் தத்துவம் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மூன்றாண்டு சட்டப் படிப்பு நல்ல வழி. கல்லூரி ஆசிரியர் பணிக்கு எம்.ஏ.வோடு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு.

ஐ.ஏ.எஸ். ஆசை இருந்தால் கணக்கு இது: முதன்மைத் தேர்வில் விருப்பப்பாடம் இரண்டு தாள், 500 மதிப்பெண். அறவியல் தாள் தனியாக 250. இது 2013-இல் வந்தது. பாடத்திட்டம் சின்னது என்று தத்துவத்தை எடுப்பவர்கள் சறுக்குவது எழுதும் முறையில்தான். ஜெர்மன் தத்துவவாதி காண்ட் யார் என்று இரண்டு பத்தி எழுதுவார்கள். அவர் ஏன் அப்படிச் சொன்னார், எதிர்வாதம் என்ன என்பது வராது. கட்டாயக் கேள்விகளான 1, 5 இரண்டிலும் உள்ள ஒவ்வொரு சிறுவினாவுக்கும் 150 சொல்தான். வாழ்க்கை வரலாற்றுக்கு அதில் இடமில்லை. தமிழில் எழுதலாம், ஆனால் தயாரிப்பு நூல்கள் குறைவு.

கல்லூரி பார்க்கும்போது பாடத்திட்டத்தில் குறியீட்டுத் தர்க்கம் (வாதங்களைக் கணிதக் குறிகளால் எழுதிச் சோதிப்பது) தனித் தாளாக இருக்கிறதா, நடைமுறை அறவியல் உண்டா என்று கேளுங்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரி, தத்துவப் பேராசிரியராக இருந்து குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் படித்த இடம். பெருமைதான், அதற்காக மட்டும் சேர்க்காதீர்கள்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நாளிதழ்த் தலையங்கங்களை அவளிடம் கொடுங்கள். ஒவ்வொன்றின் வாதத்தையும் ஐந்து உறுப்பாகப் பிரித்து, எந்த ஏது ஆடுகிறது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். மூன்றாவதையும் சலிக்காமல் எழுதினால் சேர்த்துவிடுங்கள். இரண்டாவதிலேயே கொட்டாவி வந்தால் பி.காம். சீட்டைக் கைவிட வேண்டாம்.