புத்தகத்தை மூடினால் கதை போய்விடுகிறது

அன்புள்ள ஐயா,

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். என் பிள்ளைகளில் பலர் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கிறார்கள். பாடத்தின் கீழே உள்ள கேள்விகளுக்குப் பதிலும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் புத்தகத்தை மூடச் சொல்லி, "கதையில என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது. சின்னக் கதைகளை வைத்து இதைச் சரிசெய்யலாம் என்கிறார்கள். எப்படி? தேர்வுக்கும் அது உதவுமா? சிறுவர்களுக்கு எழுதுகிறவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

வணக்கம். முதலில் ஒரு வாக்கியம்: "மொலுக்கன் சப்பிரையில் கிமிழ்ந்தான்." இதில் எந்தச் சொல்லுக்கும் பொருள் கிடையாது. ஆனாலும் மொலுக்கன் எதில் கிமிழ்ந்தான் என்று கேட்டால் "சப்பிரையில்" என்று எழுதிவிடலாம். கிமிழ்ந்தது யார் என்றால் மொலுக்கன். இரண்டு மதிப்பெண். 'எதில்' என்று கேட்டால் 'இல்' என்று முடியும் சொல்லைத் தேடினால் போதும். உங்கள் பிள்ளைகள் இந்தத் தேடலில் கெட்டிக்காரர்கள் ஆகியிருக்கிறார்கள். குறை அவர்களிடம் இல்லை, நாம் கேட்கும் கேள்வியில்தான் இருக்கிறது.

கதைக்குப் போகும் முன் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். பிள்ளைகள் வாசிக்காத கதை ஒன்றை நீங்களே உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, என்ன நடந்தது என்று கேளுங்கள். காதால் கேட்டபோது புரிந்து, தானே வாசிக்கும்போது மட்டும் புரியாத பிள்ளைக்கு எழுத்து இன்னும் கைவரவில்லை. அதன் கவனம் முழுவதும் எழுத்திலேயே தீர்ந்துவிடுகிறது. கேட்டும் புரியாத பிள்ளைக்கு வேண்டியது பேச்சும் கதையும். காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள்: எழுத்தை வாசிக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிதல். இரண்டில் ஒன்று பூஜ்யமானாலும் விடை பூஜ்யம்தான். இரு வகைப் பிள்ளைகளுக்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்துக்கொண்டிருந்தால் ஒரு சாராருக்குப் பயனே இருக்காது.

சரி, கதை. உங்களுக்காக ஒன்று எழுதினேன்.

"மழை நின்றது. மீனா குடையை மடக்கினாள். தம்பியின் சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அம்மா வாசலுக்கு வந்தார். 'நான் அப்போதே சொன்னேன். இவன் கேட்கவில்லை' என்றாள் மீனா."

"மீனா எதை மடக்கினாள்?" என்று கேட்டால் மறுபடி சப்பிரைதான். அதற்குப் பதிலாக, "மீனா தம்பிகிட்ட என்ன சொல்லியிருப்பா?" என்று கேளுங்கள். அந்தப் பதில் பக்கத்தில் எங்கும் அச்சாகவில்லை. குடை, நனைந்த சட்டை, மீனாவின் பேச்சு மூன்றையும் பிள்ளையே சேர்த்துப் பார்த்தாக வேண்டும். "குடைக்குள்ள வாடான்னு சொல்லியிருப்பா" என்று ஒருத்தி சொல்லலாம். "மழையில ஆடாதன்னு" என்று இன்னொருவன் சொல்லலாம். இரண்டும் சரிதான். உடனே "எதை வச்சு அப்படிச் சொல்ற?" என்று கேட்டு, அந்த வரியில் விரலை வைக்கச் சொல்லுங்கள். பாடமே அந்த விரலில்தான் இருக்கிறது. "பள்ளிக்கூடத்துக்கு வான்னு சொல்லியிருப்பா" என்கிற பிள்ளைக்கு விரல் வைக்க வரி கிடைக்காது. தவறென்று நீங்கள் சொல்லாமலே அதுவே திரும்பத் தேடும்.

பதில் பேச்சுத் தமிழில் வரும், வரட்டும். "நனைஞ்சிருச்சு" என்பவனை நிறுத்தி "நனைந்துவிட்டது என்று சொல்" என்று திருத்தினால், அடுத்த கேள்விக்கு அவன் கை தூக்க மாட்டான். நம் பிள்ளைகள் வீட்டில் ஒரு தமிழ் பேசி, புத்தகத்தில் வேறொரு தமிழை வாசிக்கிறார்கள். புத்தகத் தமிழில் படித்ததைத் தன் பேச்சில் சொல்ல முடிகிறது என்றால், புரிந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. எழுத்து நடையை எழுதும் வேளையில் பார்த்துக்கொள்ளலாம்.

எந்தக் கதையை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். பாட்டி வடை சுட்ட கதை இதற்கு உதவாது. வாசிக்காமலே எல்லோருக்கும் முடிவு தெரியும். புதிய கதையாக இருக்க வேண்டும், ஆனால் அது நடக்கும் உலகம் பிள்ளைக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும். 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி இருவரும் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியை மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த மாணவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். கடல் பார்க்காத பிள்ளைக்குக் கட்டுமரக் கதை கொடுக்கிறீர்களா? கொடுங்கள், ஆனால் முதலில் ஒரு படத்தைக் காட்டி ஐந்து நிமிடம் பேசிவிடுங்கள்.

கதைகளுக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக வந்திருக்கின்றன. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்துப் படியைத் தேர்ந்தெடுங்கள். சிறுவர் நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்காதீர்கள்: "இந்தக் கதையின் நீதி என்ன?" பேராசை கூடாது, பொய் சொல்லக் கூடாது, ஒற்றுமையே பலம் என்று நாலைந்து பதில்களைக் கைவசம் வைத்திருக்கிறார்கள். எந்தக் கதைக்கும் ஏதாவது ஒன்று பொருந்திவிடும். கதையைத் திறக்கவே வேண்டியதில்லை.

அப்புறம் தேர்வு. பத்தியைப் படித்து விடையளி என்ற பகுதியில் பெரும்பாலும் 'எதை மடக்கினாள்' வகைக் கேள்விகள்தான் வரும். புரிந்து வாசிக்கிற பிள்ளைக்கு அவை சுலபம். தேர்வுக்கு முந்தைய வாரம் முழு வாக்கியத்தில் விடை எழுதப் பழக்கினால் போதும். மற்ற நாட்களில் தினமும் ஒரு சின்னக் கதை, அதில் அச்சாகாத ஒரு கேள்வி, அவ்வளவே செய்யுங்கள்.