உடல் பருமன்: தெருவாகச் சேர்ந்து என்ன செய்யலாம்? கேள்வி பதில்

வடசென்னையில் பெண்கள் குழுக்களோடும் பள்ளிகளோடும் பணியாற்றும் உணவியல் ஆலோசகர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி (புளியந்தோப்பு, இல்லத்தரசி): எங்கள் குடியிருப்பில் பெண்கள் பத்துப் பேர் நடைப்பயிற்சி செய்ய நினைக்கிறோம். சாலை முழுக்க லாரியும் குழியும்தான். எங்கே நடப்பது?

பதில்: பத்துப் பேர் சேர்ந்ததே பாதி வெற்றி அம்மா. தனியாகத் தொடங்குபவர்கள் சீக்கிரம் நின்றுவிடுகிறார்கள். பக்கத்து மாநகராட்சிப் பள்ளி மைதானத்தைப் பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் கேளுங்கள். தலைமையாசிரியரிடம் மனு, கவுன்சிலரிடம் நகல் கொடுங்கள். பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது பத்துப் பேரும் நேரில் போங்கள். ஒருவர் போனால் 'பார்க்கலாம்' என்பார்கள். பத்துப் பேர் நின்றால், சாவி யார் பொறுப்பில் இருப்பது என்ற பேச்சே தொடங்கிவிடும். அதுவரை மொட்டை மாடி இருக்கிறது. வாரம் 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள், அரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். நைட்டியோ புடவையோ, உடுத்தியிருப்பதோடு நடங்கள். செருப்பு மட்டும் வழுக்காததாக இருக்கட்டும்.

கேள்வி (கொருக்குப்பேட்டை): தண்ணீர்க் குடம் தூக்கி மூன்று மாடி ஏறுகிறேன். அது போதாதா?

பதில்: அதுவும் கணக்கில் சேரும். நாளின் மீதி நேரம் உட்கார்ந்தே கழிகிறதா என்பதையும் பாருங்கள். முழங்கால் வலி இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டு நடையைத் தொடங்குங்கள்.

கேள்வி (தண்டையார்பேட்டை, இரண்டு பிள்ளைகளின் தாய்): பள்ளி வாசல் கடையில் தினமும் சிப்ஸும் குளிர்பானமும் வாங்கித் தின்கிறான் மகன். காசு கொடுக்காவிட்டால் நண்பனிடம் வாங்கிக்கொள்கிறான்.

பதில்: நண்பனிடம் வாங்குகிறான் என்றீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு வீடு மட்டும் கட்டுப்பாடு வைத்தால் குழந்தைக்கு அது தண்டனையாகப் படும். அவன் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மாரைக் கூட்டிப் பேசுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அந்தக் குழுவில் இதைப் பேசத் தயங்காதீர்கள். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் 50 மீட்டர் சுற்றிலும் விற்கக் கூடாது என்று 2020இலேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்திருக்கிறது.

ஆனால் விதியைக் காட்டி அந்தக் கடை ஆயாவை விரட்டிவிடாதீர்கள். அவருக்கு அதுதான் பிழைப்பு. சுண்டல், அவித்த வேர்க்கடலை, கொய்யா, வெள்ளரி விற்றால் நாங்கள் வாங்குகிறோம் என்று உறுதி கொடுத்துவிட்டுப் பேசுங்கள். சொன்னபடி வாங்கவும் வேண்டும்; இல்லையென்றால் ஒரு வாரத்தில் சிப்ஸ் பாக்கெட் திரும்பித் தொங்கும். 300 மில்லி குளிர்பானத்தில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை. ஆறு தேக்கரண்டியை அளந்து ஒரு தம்ளரில் கொட்டிப் பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். குண்டாக இருக்கும் பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்தி எடை பார்ப்பதும், பட்டப்பெயர் வைப்பதும் நிற்க வேண்டும். அவமானப்பட்ட குழந்தை விளையாட்டிலிருந்துதான் முதலில் ஒதுங்கும்.

கேள்வி (ராயபுரம்): ஊரே சேர்ந்து செய்தால் குறையும் என்பதற்குச் சான்று உண்டா?

பதில்: உண்டு. பிரான்சின் வடக்கே ஃப்ளர்பே, லவாந்தி என்ற இரு சிற்றூர்களில் 1992இல் பள்ளிகளில் உணவுப் பாடம் தொடங்கினார்கள். பாடத்தால் மட்டும் எடை குறையவில்லை. பிறகு மருத்துவர்கள், கடைக்காரர்கள், விளையாட்டுக் கழகங்கள், ஊர் நிர்வாகம் எல்லாம் சேர்ந்தன. 2004இல் அங்கே அதிக எடையுள்ள குழந்தைகள் 8.8 சதவீதம், ஒப்பிடப்பட்ட ஊர்களில் 17.8. பன்னிரண்டு ஆண்டு உழைப்பு அது. நம் நிலையையும் சொல்லிவிடுகிறேன்: 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையிலோ பருமனிலோ இருக்கிறார்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் அது 30.9. நாற்பது சதவீதம் பேருக்கு ஒரே நேரத்தில் மனக்கட்டுப்பாடு போய்விட்டது என்று என்னால் ஏற்க முடியாது.

கேள்வி (திருவொற்றியூர்): ரேஷன் பாமாயில்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகும். அது கெடுதலா?

பதில்: அதில் பாதியளவு நிறைவுற்ற கொழுப்பு, ஆகவே அளவு முக்கியம். எந்த எண்ணெயானாலும் ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். ரேஷன் துவரம்பருப்பை விடாமல் வாங்கி, சோற்றைக் குறைத்துப் பருப்பையும் கீரையையும் கூட்டுங்கள்.

கேள்வி (காசிமேடு): மீன் சாப்பிடலாமா?

பதில்: தாராளமாக. நெத்திலியும் மத்தியும் குழம்பில் போகட்டும், வறுவல் எப்போதாவது.

கேள்வி (வியாசர்பாடி, கால்பந்து ஆடுபவர்): எங்கள் பகுதியில் விளையாட்டுக்குக் குறைவில்லையே?

பதில்: பையன்களுக்குக் குறைவில்லை தம்பி. உங்கள் தங்கை எங்கே ஆடுகிறாள்? வாரம் இரண்டு மாலை மைதானத்தைப் பெண் பிள்ளைகளுக்கு விட்டு, நீங்களே பயிற்சி கொடுங்கள்.

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை, டீக்கடைக்காரர்): நான் என்ன செய்ய முடியும்?

பதில்: நிறைய, அண்ணா. பஜ்ஜியை நிறுத்தச் சொல்லவில்லை. காய்ந்த எண்ணெயையே மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள். பக்கத்திலேயே ஒரு தட்டில் சுண்டல் வையுங்கள். டீக்குச் சர்க்கரை அரை கரண்டி என்று வழக்கமாக்கிவிட்டு, கூடுதல் வேண்டுமென்பவர் கேட்டு வாங்கட்டும். உங்களுக்கும் சர்க்கரைச் செலவு மிச்சமாகும்.