ஓடாத வண்டிக்கும் ஆயில் மாற்ற வேண்டுமா?

கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். எங்கள் பெட்ரோல் கார் வருடத்துக்கு 2,000 கி.மீ. கூட ஓடுவதில்லை. வாரம் ஒருமுறை ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் விடுவேன். 10,000 கி.மீ. ஆனால்தான் ஆயில் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அதுவரை விடலாமா?
– வாசகி, திங்கள்சந்தை

விடக் கூடாது. சர்வீஸ் புத்தகத்தில் 10,000 கி.மீ. என்பதற்குப் பக்கத்திலேயே ‘அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது’ என்று போட்டிருப்பார்கள். உங்கள் வண்டிக்கு முந்துவது மாதக் கணக்குதான்.

காரணம் இது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலில் சேரும். ஆயில் நன்றாகச் சூடேறி, சூட்டிலேயே சிறிது நேரம் ஓடினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். ஷெட்டில் பத்து நிமிடம் நின்று ஓடினால் மீட்டரில் டெம்பரேச்சர் முள் ஏறலாம், ஆனால் ஆயில் அந்த அளவுக்குச் சூடாகாது. போதாததற்கு, குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகமாகப் பாய்வதால் அதிலும் கொஞ்சம் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. நாளடைவில் அமிலம் சேரும், ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பில் சேறு பிடிக்கும். வண்டிக்கு நல்லது என்று நினைத்துச் செய்யும் வாராந்தர ஸ்டார்ட்தான் இங்கே கெடுதல்.

அதற்குப் பதில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி, முக்கால் மணி நேரம் நிற்காமல் ஓட்டிவிட்டு வாருங்கள். பேட்டரிக்கும் டயருக்கும்கூட அது நல்லது. அப்படி ஓட்டினால் வருடம் ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் போதும். பள்ளிக்கூடம், சந்தை என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டம் மட்டும்தான் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். மோர் நிறத்தில் பசை இருந்தால் ஈரம் தங்குகிறது என்று அர்த்தம். மழைக்காலத்தில் லேசாக இருந்தால் பயப்பட வேண்டாம். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் கம்பியிலும் அதே நிறம், கூலன்டும் குறைகிறது என்றால், இரண்டும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட்டு, ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

2021 மாடல் டீசல் கார். ஆயில் மாற்றி 3,000 கி.மீ.தான் ஆகிறது. டிப் ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி ஆயில் நிற்கிறது. “குறையாமல் இருந்தால் நல்லதுதானே” என்கிறார் மெக்கானிக்.
– வாசகர், குளச்சல்

நல்லதில்லை. கூடியிருப்பது ஆயில் அல்ல, டீசல். மாற்றும்போது அளவு சரியாக இருந்ததென்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாடு வந்த பிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கிறது. கரி நிறைந்ததும் அதை எரிக்க இன்ஜின் கூடுதல் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சும். எரிந்து முடிவதற்குள் நீங்கள் வீடு வந்து வண்டியை நிறுத்தினால், அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு தடவையும் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலுக்குள் வழிகிறது. பெட்ரோல் லேசில் ஆவியாகிவிடும், டீசல் ஆகாது. நீர்த்த ஆயிலால் முதலில் அடிபடுவது டர்போவும் பேரிங்கும். அளவு மிக அதிகமானால் இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடும் அபாயமும் உண்டு.

கி.மீ. பார்க்காமல் ஆயிலையும் ஃபில்டரையும் இப்போதே மாற்றுங்கள். கேனில், உங்கள் கார் புத்தகம் சொல்லும் சி2 அல்லது சி3 தரம் அச்சிட்டிருக்க வேண்டும். சாதாரண டீசல் ஆயில் விடும் சாம்பல் டிபிஎஃப்பில் அடைத்துக்கொள்ளும். கரி எரியும், சாம்பல் எரியாது. டிபிஎஃப் விளக்கு எரிந்தால் காவல்கிணறு வழி திருநெல்வேலி போகும் நான்குவழிச் சாலையில் 60 கி.மீ. வேகத்துக்கு மேல் இருபது நிமிடம் ஓட்டுங்கள். விளக்கு அணையவில்லை என்றால் ஒர்க்‌ஷாப்புக்கு.

நம்ம ஊர் வெயிலுக்கு 5டபிள்யூ-30 தண்ணி மாதிரி, 20டபிள்யூ-50 ஊற்று என்கிறார்கள். சரியா?
– வாசகர், நாகர்கோவில்

அம்பாசிடருக்குச் சரி. வெளியே வெயில் 35 டிகிரி என்றாலும் ஓடும் இன்ஜினில் ஆயில் 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இரண்டாவது எண் அந்தச் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. இப்போதைய இன்ஜின்களில் ஆயில் வழிகள் குறுகல். கெட்டி ஆயில் காலையில் மேலே ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். புத்தகத்தில் உள்ளதை ஊற்றுங்கள்.

மாற்றி ஆயிரம் கிலோமீட்டரில் டீசல் கார் ஆயில் கறுத்துவிட்டது. போலி ஆயிலா?
– வாசகர், ஆரல்வாய்மொழி

கறுப்பை வைத்துச் சொல்ல முடியாது. கரியைத் தன்னில் ஏற்றிக்கொள்வதுதான் அதன் வேலை. கேனின் சீல் உடையாமல் இருந்ததா என்று மட்டும் வாங்கும்போது பாருங்கள்.

வீட்டிலேயே மாற்றலாமா? 1.2 லிட்டர் பெட்ரோல் கார்.
– வாசகர், குலசேகரம்

தாராளமாக. சமதளத்தில் நிறுத்தி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, பத்து நிமிடம் பொறுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் கட்டாயம், செங்கல் உதவாது. மேல்மூடியைத் திறந்துவிட்டு டிரெயின் போல்ட்டை ரிங் ஸ்பேனரால் கழற்றி, கால் மணி நேரம் வடியவிடுங்கள். போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். சம்ப் அலுமினியம் என்றால் முழு பலத்தையும் காட்டினால் மரை போய்விடும்.

ஃபில்டரைக் கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதிதை மாட்டினால் ஸ்டார்ட் செய்த சில நிமிடத்தில் ஆயில் மொத்தமும் தரையில் கிடக்கும். புது வளையத்தில் ஆயில் தடவி, கையால் சுற்றி, இன்ஜினைத் தொட்ட பிறகு முக்கால் சுற்று இறுக்கினால் போதும்.

இந்த அளவு இன்ஜினுக்குப் பொதுவாக 3 முதல் 3.5 லிட்டர் பிடிக்கும். புத்தகத்தில் ‘ஃபில்டருடன்’ என்ற அளவைப் பார்த்து, அரை லிட்டர் குறைத்து ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்து, ஆயில் விளக்கு அணைந்த பின் ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பார்த்து மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது.

பழைய ஆயிலைக் கரையானுக்கென்று வேலிக்கம்பில் பூசுவதும் ரப்பர் தோட்டத்தில் கொட்டுவதும் வேண்டாம், அது கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும். காலி கேனில் மூடி, கழிவு ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.