2024-இல் என்னென்ன படித்தீர்கள்? திரும்பிப் பார்த்தால் என்ன தோன்றுகிறது?

போன வருடம் இதே மாதிரி ஒரு கேள்விக்கு, நாற்பத்திரண்டு புத்தகம் என்று பெருமையாகப் பட்டியல் போட்டிருந்தேன். இந்த வருடம் முழுதாக முடித்தவை நான்கு. பாதியில் விட்டவை இரண்டு. ஆறையும் வாய்விட்டுப் படித்தேன். அப்பாவுக்காக.

அப்பா ஆர்.எம்.எஸ்.-இல், அதாவது ரயில்வே தபால் சேவையில், கடிதம் பிரிக்கும் சார்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடும் ரயிலில், மங்கல் விளக்கில், முப்பது வருடத்துக்கு மேல் ஊரார் கையெழுத்தைப் படித்த கண்கள் அவை. 2023 தீபாவளி கழிந்து ஒரு நாள், "பேப்பர்ல நடுவுல எழுத்தே இல்லாம அச்சடிச்சிருக்கான்" என்றார். எழுத்து இருந்தது. விழித்திரையின் நடுப்பகுதி வயதால் கெட்டுப்போகும் நோய் என்றார் டாக்டர். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். இதற்கு மேல் கெடாமல் பார்க்கலாம், போனது திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஓரப்பார்வை இருப்பதால் அப்பா தனியாக நடப்பார், மாடிப்படி இறங்குவார். எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் தெரியாது. எழுத்தை நேராகப் பார்க்காமல் எப்படிப் படிப்பது?

ஒலிப்புத்தகம் போட்டுக் கொடுக்கலாமே என்று பலரும் சொன்னார்கள். கொடுத்தோம். பத்து நிமிடத்தில் காதிலிருந்து பிடுங்கிப் போட்டார். "நடுவுல ஒரு சந்தேகம் கேட்டா பதில் சொல்ல மாட்டேங்குது." சரி என்று, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு முக்கால் மணி நேரம் நானே படிப்பதாக ஏற்பாடு.

முதலில் கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. வாய்விட்டுப் படிப்பதற்கென்றே எழுதியது போல இருந்தது. பூட்டி மங்கத்தாயாரம்மாள் வாய் திறந்து, தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்த பிறகு எனக்கு வேலையே இல்லை, வரி தன்னால் ஓடியது. ஆனால் எங்களுடையது தஞ்சாவூர் நாக்கு. கரிசல் பேச்சு என் வாயில் படாத பாடு பட்டது. அப்பாவுக்கு அதுவே வேடிக்கை. குளத்தில் தண்ணீர் குடிக்கப் போன கர்ப்பிணியைக் கள்ளன் கொல்ல, அவள் அவன் கால் பெருவிரலைக் கடித்த பல்லை விடாமலே செத்துப்போகும் இடத்தில் மட்டும் சிரிப்பு நின்றது. அடுக்களையில் பாத்திரச் சத்தமும் நின்றது. அம்மாவும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்து சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்'. 1981-இல் வந்தது. கண்ணால் படித்தபோது நான் தலையில் வைத்துக் கொண்டாடிய நாவல். ஆல்பெர் காம்யு இறந்ததற்கு மறுநாள் ஜே.ஜே. இறந்தான் என்று முதல் வரியிலேயே வருகிறதா, அப்பா நிறுத்தச் சொல்லி, காம்யு யார் என்று கேட்டார். பிரெஞ்சு எழுத்தாளர் என்று சொன்னேன். அப்போ ஜே.ஜே. யார் என்றார். அப்படி ஒருவர் இல்லை, கற்பனை என்றேன். "இருந்தவனைப் பத்தி ஒரு வரி, இல்லாதவனைப் பத்தி ஒரு புஸ்தகமா?" நாலு நாளில் மூடிவிட்டோம். அந்த நாவல் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. தனியாக இருந்து, பென்சில் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பப் படிக்கவேண்டிய வாக்கியங்கள் அவை. காது அவற்றைத் தாங்காது. பாதியில் விட்ட இன்னொன்று ஒரு மொழிபெயர்ப்பு. வினைமுற்று வருவதற்குள் மூச்சு முட்டியது, அவ்வளவுதான்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' எனக்கு நல்ல பாடம். கி.ரா. தந்த தெம்பில் குரலை ஏற்றி இறக்கி ஆரம்பித்தேன். அப்பா கையைக் காட்டினார். "நடிக்காதே. சும்மா படி." அவர் சொன்னது சரி. அந்த எழுத்தில் எங்கேயும் அழுத்தம் கொடுக்க இடமில்லை. ஜமுனா அழும் இடத்தில் நாம் குரலைத் தழுதழுக்க வைத்தால் எல்லாம் பாழ். ரேஷன் கடைச் சீட்டைப் படிப்பது போலப் படித்தால்தான் உள்ளே இறங்குகிறது. குழாயில் சாக்கடை கலந்து வருவதைப் படித்தபோது அம்மா கதவருகே வந்து நின்று, கல்யாணமான புதிதில் மேற்கு மாம்பலத்தில் எத்தனை மணிக்கு எழுந்து எந்த வீட்டு அடிபம்பில் வரிசையில் நின்றார் என்று சொல்லத் தொடங்கினார். அன்றைக்குப் புத்தகம் நான்கு பக்கம்தான் நகர்ந்தது.

அப்புறம் வந்தது 'என் சரித்திரம்'. இந்த வருடத்தில் பாதியை இதுதான் எடுத்துக்கொண்டது. உ.வே.சாமிநாதையர் 1940-இலிருந்து ஆனந்த விகடனில் வாராவாரம் எழுதியது. மொத்தம் 122 அத்தியாயம். தொடராக வந்ததால் ஒவ்வொன்றும் அரை மணிக்குள் அடங்கிவிடும். ராத்திரிக்கு ஒன்று என்று கணக்குப் போட்டேன். நான்கு மாதத்தில் முடியவேண்டியது, அப்பா இருந்ததால் ஆறு மாதம் ஆனது.

காரணம் ஊர்ப் பெயர்கள். முதல் அத்தியாயமே 'எங்கள் ஊர்'. ஏகாதசி என்பதை மறந்து தாம்பூலம் போட்டுக்கொண்ட அரசன், அதற்குப் பரிகாரமாக நாற்பத்தெட்டு வீடுகள் கட்டித் தானம் கொடுத்த உத்தமதானபுரம். "பாபநாசம் பை," என்றார் அப்பா. எனக்கு முதலில் புரியவில்லை. அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று பிள்ளையின் படிப்புக்காக அந்தக் குடும்பம் இடம் மாறிக்கொண்டே போக, ஒவ்வொன்றுக்கும் அது எந்தத் தபால் பையில் விழும், எந்த வண்டியில் போகும் என்று அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். கண்ணை மூடிக்கொண்டு, விரல் காற்றில் கடிதம் பிரிக்க. நான் குறுக்கே பேசவில்லை.

கும்பகோணம் கட்டம் வந்தது. 21-10-1880. கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த தமிழாசிரியர் உ.வே.சா., வயது 25, ஊருக்கு முன்சீபாக வந்திருக்கும் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்வி வருகிறது. இவர் அந்தாதிகளை அடுக்குகிறார், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று சொல்கிறார். முதலியார் முகத்தில் சலனமே இல்லை. புராணங்களையும் கம்பராமாயணத்தையும் சொல்லியும் அசையவில்லை. பிறகு, சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியிலிருந்து ஏழு வருடம் கழித்து, 1887-இல், அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணி அச்சேறியது. போன வருடம் நாற்பத்திரண்டு என்று எழுதியவனுக்கு அந்த அத்தியாயத்தில் குரல் கொஞ்சம் இறங்கித்தான் போனது.

ஆனால் நான் படிக்கமுடியாமல் நின்றது அங்கே இல்லை, அதற்கு முன்னாலேயே. 1876 பிப்ரவரி 1. உ.வே.சா.வின் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கடைசி மூச்சில் இருக்கிறார். பக்கத்தில் மாணவர் திருவாசகம் படிக்கிறார், அடைக்கலப் பத்து. அந்த வரியில் தொண்டை அடைத்துவிட்டது. பக்கத்தைத் திருப்புவது போலப் பாவனை செய்தேன். அப்பாவுக்கு என் முகம் தெரிந்திருக்காது, நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி குடிச்சிட்டுப் படி" என்றார்.

அந்த நூல் முடியாமலே நிற்கிறது. 1942 ஏப்ரலில் உ.வே.சா. காலமாகிவிட்டார். கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு மூடினேன். "அப்புறம்?" என்றார் அப்பா. அவ்வளவுதான் என்றேன். நம்பாமல், புத்தகத்தை வாங்கிப் பின்னட்டையைத் தடவிப் பார்த்தார்.

கும்பகோணத்தை விட்டு வர மனமில்லாமல் அடுத்து 'மோகமுள்' எடுத்தோம். அந்தக் கல்லூரியில்தான் பாபு படிக்கிறான், துக்காம்பாளையத் தெருவில்தான் யமுனாவின் வீடு. தெரு வரைக்கும் சுகமாகப் போனது. தி.ஜானகிராமனை எழுபத்துநாலு வயது அப்பாவுக்கு, அம்மா காதில் விழும்படி, வாய்விட்டுப் படிப்பது என்றால் என்னவென்று அதற்குப் பிறகுதான் விளங்கியது. ஓர் இடத்தில் சத்தமில்லாமல் இரண்டு பக்கத்தைத் தள்ளினேன். "ரெண்டு பக்கம் போச்சே," என்றார். திருச்சி ரெஸ்ட் ஹவுஸில் இளம் வயதில் படித்தாராம், எல்லாம் நினைவிருக்கிறது. படிக்கவா என்றேன். "வேணாம், அதை நான் பாத்துக்கறேன், நீ மேல போ." ரங்கண்ணா பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பகுதிகளை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னார். டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி முடித்தோம்.

இப்போது பூமணியின் 'அஞ்ஞாடி' எடுத்து வைத்திருக்கிறேன். 2014-இல் சாகித்திய அகாதெமி பெற்றது. கையில் கொடுத்தேன், அப்பா எடை பார்த்தார். எத்தனை பக்கம் என்றார். ஆயிரத்துக்கு மேல் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த ட்யூப் லைட்டை மாத்து மொதல்ல. ஒன் கண்ணாவது நல்லா இருக்கணும்" என்றார்.

நாளைக்கு வாங்கி மாட்டவேண்டும்.