நூலகத்தைச் சுற்றிக் காட்டினால் போதுமா?

கேள்வி: என் மகள் முதுகலை வரலாறு படிக்கிறாள். சேர்ந்த வாரத்தில் பல்கலைக்கழக நூலகத்தைச் சுற்றிக் காட்டியதோடு சரி. இப்போது திருநெல்வேலிப் பகுதிக் குளங்களின் வரலாறு பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சாட்ஜிபிடி கொடுத்த பட்டியலில் இரண்டு கட்டுரைகள் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. தேடவும் சரிபார்க்கவும் கற்றுக்கொடுப்பது நூலகத்தின் வேலை இல்லையா?
- வாசகர், தென்காசி

பதில்: நூலகத்தின் வேலைதான், ஆனால் பாடம் நடத்தும் ஆசிரியர் கைகொடுக்காமல் நூலகர் தனியாளாக அதைச் செய்துவிட முடியாது. தேவையே எழாத முதல் வாரத்தில் புத்தக அடுக்குகளையும் ஓபேக் (நூலகத்தின் இணையவழி நூற்பட்டியல்) கணினியையும் காட்டிவிட்டுப் போனால், கட்டுரை எழுத உட்காரும்போது அதில் எதுவும் நினைவில் இருக்காது. தலைப்பு கொடுத்த வாரத்திலேயே வகுப்பை நூலகத்துக்கு அழைத்துவந்து, அதே தலைப்பில் தேடிக் காட்டுவதுதான் பயன் தரும்.

உங்கள் மகளின் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். ஊர்ப்பெயரை இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடினால், எச். ஆர். பேட் எழுதி 1917இல் வெளிவந்த மாவட்ட கெசட்டியர் (மாவட்ட விவரத் தொகுப்பு நூல்) கண்ணில் படாமலே போகலாம். அதன் தலைப்பில் இருப்பது 'டின்னவெல்லி'. குளம் அக்கால ஆவணங்களில் 'டேங்க்' ஆகவும், தமிழ் நூல்களில் வட்டாரத்துக்கேற்ப ஏரி, கண்மாய் என்றும் வரும். தேடத் தொடங்குமுன் இத்தகைய மாற்றுப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ள நூலகர் பழக்க வேண்டும். அடுத்து, காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையம் ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் நெருங்கிய பொருளிலமைந்த முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றைத் திறந்து, அதன் துணைநூற்பட்டியலைப் படிக்கலாம். சாட்ஜிபிடியிடம் பட்டியல் கேட்பதைவிட இது எவ்வளவோ மேல்.

உண்மையான ஆய்விதழின் பெயரோடு உண்மையான ஆய்வாளரின் பெயரைச் சேர்த்து, யாருமே எழுதாத கட்டுரையை நம்பும்படி காட்டிவிடுவது அந்தச் செயலியிடம் உள்ள ஆபத்து. டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும் நிலையான அடையாள எண்) இருந்தால் அதற்குரிய தளத்தில் இட்டு, அதே கட்டுரை திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கட்டுரைகள் பலவற்றுக்கு அந்த எண் இருக்காது. அப்போது இதழின் அந்தத் தொகுதியை எடுத்து, குறிப்பிட்ட பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே வழி. அங்கும் இல்லையென்றால் அவ்விரண்டையும் நீக்கிவிடச் சொல்லுங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் ஆய்வு நெறி குறித்த இரண்டு கிரெடிட் பாடத்தை முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கட்டாயமாக்கியது. தரவுத்தளங்களைக் கையாள்வதும் அதில் அடக்கம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் காலம் கடந்து வருகிறது. இதில் பாதியையாவது இளங்கலை முதலாண்டிலேயே தொடங்கலாம்.

கேள்வி: ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை பிறர் எழுத்தோடு ஒத்திருந்தால் தண்டனை இல்லையாமே? அப்படியானால் அந்த அளவுக்கு எடுத்தாளலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கருத்துத் திருட்டு குறித்த பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிக்கவில்லை என்பது சரி. அதை எடுத்தாள்வதற்கான ஒதுக்கீடாகக் கொள்வது தவறு. ஒப்புமையைக் கண்டறியும் மென்பொருள் சொற்களின் ஒப்புமையைத்தான் எண்ணுகிறது. பிறர் கருத்தைச் சொல் மாற்றி எழுதி, பெயரைச் சொல்லாமல் விட்டால் அறிக்கையில் சுழியம்கூட வரலாம், திருட்டு அப்போதும் திருட்டுதான். மறுபுறம், மூலத்தைக் குறிப்பிட்டு மேற்கோளாகத் தந்த பகுதிகளை அதே விதிகள் கணக்கிலிருந்து விலக்குகின்றன. எனவே மேற்கோள் காட்டத் தயங்க வேண்டியதில்லை.