வருகை சமீபம் என்றால் மகளுக்குப் படிப்பு எதற்கு?

கேள்வி: ஐயா, என் கணவர் ஆண்டவருக்குப் பயந்து நடக்கிறவர். சில மாதங்களாகக் கைப்பேசியில் தீர்க்கதரிசனச் செய்திகளையே கேட்டுக்கொண்டிருக்கிறார். கர்த்தருடைய வருகை வாசலில் நிற்கும்போது மகளுக்கு நர்சிங் படிப்பு எதற்கு, சேமித்த பணத்தை ஊழியத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார். மறுத்தால், எனக்கு விசுவாசம் போதாதாம். நான் என்ன செய்வது?
– ஒரு சகோதரி, நாசரேத்

பதில்: மகளைக் கல்லூரியில் சேருங்கள் அம்மா. சேர்க்கைக்கு நாள் குறைவாக இருக்கலாம் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கணவரின் எதிர்பார்ப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். நற்கருணை ஆராதனையில் 'கிறிஸ்து மீண்டும் வருவார்' என்று சபையாக அறிக்கையிடுகிறோம். குருவானவராக இருந்த காலமெல்லாம் அதை நம்பித்தான் கல்லறைத் தோட்டத்தில் நின்று ஜெபித்திருக்கிறேன். அவர் நிச்சயமாக வருவார்.

ஆனால் உங்கள் வீட்டில் எழுந்திருக்கும் கேள்வி, கிரேக்க நகரமான தெசலோனிக்கேயில் இருந்த ஆதிச் சபைக்கும் வந்ததுதான். கர்த்தருடைய நாள் வந்தேவிட்டது என்று கலங்கியவர்கள் அங்கே இருந்தார்கள். வேலை செய்யாமல் திரிந்தவர்களும் இருந்தார்கள். கி.பி. 50-ஐ ஒட்டி அவர்களுக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் (கடிதத்தின்) நான்காம் அதிகாரத்தைக் கணவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். எக்காளம் தொனிக்க ஆண்டவர் இறங்கிவருவார் என்பது 16-ஆம் வசனம். சொந்தக் கைகளினாலே வேலை செய்யுங்கள் என்பது 11-ஆம் வசனம். இரண்டையும் ஒரே மூச்சில் எழுதியவர் கூடாரம் தைத்துப் பிழைத்தவர். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று இரவும் பகலும் உழைத்தவர்.

நாள் குறித்தவர்களால் குடும்பங்கள் பட்ட பாடு எனக்கு ஆறாத வருத்தம். அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் போதனையைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22-ஐ எதிர்பார்த்து, விளைந்த பயிரைக்கூட அறுக்காமல் விட்டார்கள். தென்கொரியாவில் ஒரு குழு 1992 அக்டோபர் 28 என்று அறிவித்தது. வேலையை விட்டவர்களும் வீட்டை விற்றவர்களும் அதில் உண்டு. அவர்களிடம் காணிக்கை வாங்கிய தலைவரோ 1993-இல் முதிர்வடையும் பத்திரங்களை வாங்கி வைத்திருந்தார். மோசடிக் குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை பெற்றார். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர வேறு யாரும் அறியார் என்று ஆண்டவரே சொல்லியிருக்க, கைப்பேசியில் பேசுகிறவருக்கு மட்டும் அது எப்படித் தெரிந்தது? இதைக் கணவரிடம் கோபமில்லாமல் கேளுங்கள்.

ஆயத்தமாக இருப்பது எப்படி என்பதையும் ஆண்டவர் சொல்லாமல் விடவில்லை. மத்தேயு 24-இன் கடைசிப் பகுதியில், எஜமான் திரும்பி வரும்போது பாக்கியவானாகக் காணப்படுகிற ஊழியக்காரன் என்ன செய்துகொண்டிருக்கிறான்? தன்னிடம் ஒப்படைக்கப்பட்டவர்களுக்கு ஏற்ற வேளையில் உணவு கொடுத்துக்கொண்டிருக்கிறான். உங்கள் கணவரிடம் ஒப்படைக்கப்பட்டவள் உங்கள் மகள். அடுத்த அதிகாரத்தில், மகிமையோடு வருகிற ராஜா, 'வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்' என்கிறார். உங்கள் மகள் படிக்க விரும்புவதே அந்த வேலைக்காகத்தான். அவளுடைய கட்டணத்தைக் கட்டுவது வருகைக்கான ஆயத்தம் என்றே நான் நம்புகிறேன். ஊழியத்துக்கும் கொடுங்கள், மனமுவந்து, உங்கள் வருமானத்திலிருந்து. அந்தப் பிள்ளையின் பணத்தில் யாரும் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: என் மனைவி இறந்தபின், ஆண்டவர் சீக்கிரம் வர வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். அவரைக் காண்பதைவிட அவளைக் காணத்தான் ஏங்குகிறேனோ என்று பயமாக இருக்கிறது. இது பாவமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: பாவமில்லை ஐயா. நான் மேலே சொன்ன அதே அதிகாரத்தைப் பவுல் எழுதக் காரணமே, இறந்துபோன தங்கள் அன்பானவர்களை நினைத்துத் தவித்தவர்கள்தான். கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள், நாம் அவர்களோடேகூட ஆண்டவரைச் சந்திப்போம் என்று எழுதினார். உங்கள் ஏக்கத்துக்கு அந்த வாக்குத்தத்தத்திலேயே இடம் இருக்கிறது. துக்கப்படவே கூடாது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களைப் போல் துக்கிக்க வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆகவே அழுகை வரும்போது அழுங்கள், ஜெபத்தையும் நிறுத்த வேண்டாம். உங்கள் தெருவில் அண்மையில் துணையை இழந்தவர் எவரேனும் இருந்தால், ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போய் இந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள். இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்றுதான் பவுல் அதை முடித்திருக்கிறார்.