கிட் வாங்கி நாமே கருமருந்துக் கைத்துப்பாக்கி செய்து சுட முடியுமா?

முடியும். நான் செய்திருக்கிறேன், சுட்டும் இருக்கிறேன். ஆனால் கேட்டவர் பட்டர்வொர்த்தில் இருப்பதாகச் சொல்கிறார், நானும் பினாங்கு ஜெலுத்தோங்காரன்தான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே வேண்டாம். தபாலில் கிட் வரவழைக்கும் யோசனையும் வேண்டாம். "இது இருநூறு வருஷத்துப் பழைய மாதிரி, பொம்மை மாதிரிதானே" என்ற பேச்சு இங்கே எடுபடாது. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்யவோ வைத்திருக்கவோ கூடாது. சட்டவிரோதமாக வைத்திருந்தாலே 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் என்கிறது 1971ஆம் ஆண்டுச் சட்டம். கருமருந்துக்கு 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் தனியாக இருக்கிறது. ஆசைக்காக இதில் கை வைக்காதீர்கள், தயவுசெய்து.

நான் செய்தது அமெரிக்காவில், சின்சினாட்டியில் இருக்கும் அக்கா வீட்டில். அங்கே 1968ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இந்த வகையைப் பழங்காலத் துப்பாக்கியின் கணக்கில் வைத்திருக்கிறது. மாநிலச் சட்டங்கள் ஊருக்கு ஊர் மாறும். கிட் வாங்கியவர் அத்தான், இன்றைக்கும் அது அவரிடம்தான் இருக்கிறது. வேலை மட்டும் என் கை.

பெட்டியைத் திறந்தால் பத்து அங்குல எட்டுப்பட்டைக் குழல், சுடும்போது சுத்தியல் மாதிரி அடிக்கும் குதிரையும் வில்லும் சேர்ந்த லாக், பித்தளை உருப்படிகள், முக்கால்வாசி செதுக்கிய மரக்கட்டை. குழலின் உட்புறமும் லாக்கின் உள்வேலையும் தொழிற்சாலையிலேயே முடிந்து வந்துவிடும், அதில் அரம் படவே கூடாது. குதிரை நிற்கும் பள்ளத்தைக் கொஞ்சம் தேய்த்துவிட்டாலும் தானாக விழுந்து வெடிக்கும். நமக்கு இருப்பது மரத்தையும் இரும்பையும் சேர்ப்பது. என்னைக் கேட்டால் மொத்தச் சுகமும் அதில்தான் இருக்கிறது.

இரும்பு மரத்துக்குள் முடியிழை இடைவெளிகூட இல்லாமல் உட்கார வேண்டும். எங்கே முட்டுகிறது என்று கண்ணால் பார்த்துத் தெரியாது. அதற்கு ஒரு வழி உண்டு: விளக்குக் கரி. அக்காவிடம் காமாட்சி விளக்கைக் கேட்டேன். சாமி விளக்கில் துப்பாக்கிக்குக் கரி எடுப்பதா என்று ஓர் அகல் விளக்கைக் கொடுத்தார். திரிச் சுடருக்கு மேல் இரும்பைப் பிடித்தால் கருப்பாகப் படியும். அதை மரத்தில் வைத்து மெல்ல அழுத்தி எடுத்தால் முட்டுகிற இடத்தில் மட்டும் கருப்பு ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் உளியால் நகக்கண் அளவு சீவ வேண்டும். மறுபடி கரி, மறுபடி அழுத்தல். குழலின் பின்வாலை உட்கார வைக்க மட்டும் எனக்கு மூன்று சாயங்காலம் ஆயிற்று. இரண்டாம் நாள் பொறுமை போய், உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினேன். மரத்தின் ஓரம் விரல் நீளத்துக்கு விரிசல் விட்டுவிட்டது. பசையும் அதே மரத்தின் தூளும் குழைத்து அடைத்துவிட்டேன், ஆனாலும் அந்தக் கோடு இன்றும் தெரிகிறது. என் அப்பா தச்சர். கதவு நிலை பொருத்தும்போது, "தட்டி ஏற்றினா மரம் ஞாபகம் வச்சிருக்கும்டா" என்பார். அது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

உப்புத்தாள் போட்ட பிறகு ஈரத்துணியால் மரத்தைத் துடையுங்கள். நார்கள் எழுந்து நிற்கும், காய்ந்ததும் மறுபடி தேயுங்கள். இதை இரண்டு மூன்று தடவை செய்தால் பிறகு எண்ணெய் அழகாக இறங்கும். ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாக, நாளுக்கு ஒன்றாகப் போட்டேன். குழலுக்கு வேண்டுமென்றே துருவை ஏற்றி, தேய்த்து, மறுபடி ஏற்றிப் பழுப்பாக்கும் பழைய முறை ஒன்று இருக்கிறது. அதற்கு ஈரக் காற்று வேண்டும். நம் ஊர்க் காற்று இருந்திருந்தால் எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்!

சரி, சுடுவது. ஒரு கிளப்பின் மைதானத்துக்குப் போனோம். குழலின் உள்விட்டம் அரை அங்குலம், ஈயக்குண்டு 0.490 அங்குலம். மீதி இடைவெளியை எண்ணெய் தடவிய துணித்துண்டு அடைக்கிறது. கையேடு சொன்ன அளவுக்கு மருந்தைத் தனி அளவுக் குப்பியில் எடுத்துத்தான் குழல் வாய் வழியாக ஊற்ற வேண்டும். மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலில் ஊற்றவே கூடாது. உள்ளே ஒரு கனல் மிச்சம் இருந்தால் குடுவையே கையில் வெடிக்கும். குண்டு மருந்தின் மேல் அழுந்தி உட்கார வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் குழலே பிளக்கலாம். குதிரை அடித்ததும் பொறி விட்டு மருந்தைப் பற்றவைக்கும் சின்ன உலோக மூடிதான் கேப். அதைக் கடைசியில், சுடும் கோட்டில் நின்ற பிறகுதான் வைக்க வேண்டும்.

நான்காவது முறை பக்கத்தில் நின்றவரோடு பேசிக்கொண்டே மருந்து போடாமல் குண்டை இறக்கிவிட்டேன். கேப் மட்டும் 'டிக்' என்றது. வெடிக்கவில்லை என்றால் உடனே திருப்பிப் பார்க்கக் கூடாது, தாமதமாகவும் பற்றலாம். குழல் வாயை இலக்கை நோக்கியே பிடித்து ஒரு நிமிஷம் நின்றேன், அந்த ஒரு நிமிஷமும் கை நடுங்கியது. பிறகு அத்தான் இடிக்கும் கோலின் முனையில் ஒரு திருகைப் பூட்டி, ஈயத்துக்குள் முறுக்கிக் குண்டை இழுத்தெடுத்தார். அப்புறம் கோலில் ஒரு கோடு கீறிக்கொண்டோம். சரியாகக் கெட்டித்திருந்தால் அந்தக் கோடு குழல் வாய்க்கு நேராக நிற்கும். மருந்து இல்லையென்றால் கோல் இன்னும் கீழே இறங்கிவிடும். வெடித்த தடவைகளில் கண்முன் வெள்ளைப் புகை திரண்டு, குண்டு எங்கே பட்டது என்றே தெரியவில்லை. அழுகிய முட்டை நாற்றம் சட்டையில் ராத்திரி வரை இருந்தது. அன்றைக்கே சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் இட்டோம். கருமருந்தின் சாம்பல் ஈரத்தை இழுத்து இரும்பை அரித்துவிடும்.

ஊர் திரும்பியதும் பினாங்கு கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போனேன். சின்ன வயதிலிருந்து பார்த்த இடம்தான். 1603இல் டச்சுக்காரர்கள் வார்த்த ஸ்ரீ ரம்பாய் பீரங்கியின் பின்புறத்தில், தீ வைக்கும் அந்தச் சின்னத் துளையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் குனிந்து பார்த்தேன். வாய் வழியாக மருந்து, அதன் மேல் குண்டு, பின்னால் ஒரு துளை. என் கையில் இருந்ததும் இதே சங்கதிதான். 1814இல் கட்டிய மருந்துக் கிடங்கும் அங்கேயே இருக்கிறது, அதன் சுவர் கனத்தைப் பாருங்கள்.

உங்களுக்கு வேண்டியது அந்தக் கைவேலை என்றால் அதற்குத் துப்பாக்கி தேவையில்லை. பிடியில்லாத சமையல் கத்தி ஒன்று வாங்கி, நல்ல மரத்துண்டில் அதன் வாலை விளக்குக் கரி வைத்துப் பொருத்திப் பாருங்கள். எந்த இடத்தில் சிக்கினாலும் கீழே கேளுங்கள், சொல்கிறேன்.